யார் கண்ணுக்கும் தெரியாத சேக்காளி

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்; பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். ஒரு விளையாட்டுல நான் பண்ணின ஒரு தப்பைப் பத்திப் பேசப் போறேன்.

எங்க கேம் மேஜைல என்னையும் சேர்த்து ஆறு பேர். நாலு வாரமா எல்லாரும் ஒழுங்கா வந்துட்டு இருந்தோம். அஞ்சாவது வாரம் ஒருத்தங்க வரல. மெசேஜும் இல்ல. நாங்க பாட்டுக்கு ஆட்டத்தை ஆரம்பிச்சோம். ஒரு பாலத்தைத் தாண்டினோம், ஒரு காவல்காரனை ஏமாத்தினோம், வாங்கி வச்சிருந்த சமோசாவையும் காலி பண்ணினோம். அதுக்கப்புறம்தான் ஒருத்தர் கேட்டார்: “ஆமா, அவங்க எங்க?” அதுக்குள்ள அரை மணி நேரம் போயிடுச்சு.

அவங்க விளையாடிட்டு இருந்த கேரக்டர் யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு கேரக்டர். அதை உருவாக்கிக் கொடுத்தது நான்தான்.

இந்த மாதிரி விளையாட்டை இதுவரைக்கும் ஆடிப் பார்க்காதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு விளையாட்டு. 1974ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு பேர் உருவாக்கி வெளிவந்தது. இதை விளையாட ஸ்க்ரீன் தேவையில்ல. ஒருத்தர் கதை சொல்லணும், அவர்தான் கேம் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டரா மாறிக்குவாங்க. “நான் அந்தக் கதவைத் திறக்கறேன்”னு ஒருத்தர் சொன்னா, கதவு பூட்டியிருந்தா, 20 முகம் உள்ள டைஸை உருட்டணும். நல்ல எண் விழுந்தா திறக்கும். இல்லைன்னா உள்ள இருக்கறவன் முழிச்சுக்குவான்.

கேரக்டர் உருவாக்கும்போது முதல்ல எடுக்கற முடிவுகள்ல ஒண்ணு, நீங்க எந்த இனம்ங்கறது. மனிதர், எல்ஃப், குள்ளர்னு ஒரு பட்டியல் இருக்கும். ரொம்ப காலமா இதை ரேஸ்னு சொல்லிட்டு இருந்தாங்க. 2024ல வந்த புது விதிப் புத்தகத்துல அந்த வார்த்தையை எடுத்துட்டு ஸ்பீஷீஸ்னு மாத்திட்டாங்க. புத்தகத்துல இல்லாத இனத்தை நாமளே எழுதிச் சேர்த்துக்கறதும் உண்டு. அதுக்குப் பேர் ஹோம்ப்ரூ.

என் ஹோம்ப்ரூ இனத்தோட பேர் சேக்காளி. எங்க பாட்டி வாயில இருந்து எடுத்த வார்த்தை. தென் மாவட்டத்துக்காரங்களுக்குத் தெரியும், சேக்காளின்னா கூட்டாளி, சிநேகிதம். அம்மா சமையல்கட்டுல இருக்கும்போது குழந்தை தனியா உட்கார்ந்து யார்கிட்டயோ பேசிட்டு இருக்கும் பாருங்க, அந்த “யாரோ” நிஜமாவே அங்க இருந்தா? அது ஒரு தேவதை இனமா இருந்தா? அந்தக் குழந்தைக்கு மட்டும் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. இதுதான் ஐடியா.

இந்த ஐடியா முழுக்க என்னோடது இல்ல. பழைய தேவதைக் கதைகள்லயே இது இருக்கு. 1904ல லண்டன்ல மேடையேறின பீட்டர் பேன் நாடகத்துல டிங்கர் பெல்னு ஒரு குட்டித் தேவதை விஷம் குடிச்சு சாகப் போகும். அதை நம்பறவங்க கை தட்டினா பிழைச்சுக்கும்னு சொல்லுவாங்க, தியேட்டர்ல இருக்கற குழந்தைங்க எல்லாம் தட்டும். கேம் மொழியில சொன்னா, அந்தத் தேவதையோட உயிர்ப் புள்ளியை இன்னொருத்தரோட நம்பிக்கைதான் நிரப்புது.

1995ல சேஞ்ச்லிங் த ட்ரீமிங்னு ஒரு ரோல்ப்ளேயிங் கேம் வந்துச்சு. ஒயிட் வுல்ஃப்ங்கற கம்பெனி போட்டது. அதுல நீங்க மனித உடம்புக்குள்ள இருக்கற தேவதை. கனவுல இருந்து பிறந்த உயிரினங்கள் உங்களைச் சுத்தி இருக்கும், சாதாரண மனுஷங்களுக்கு அது தெரியாது. அந்த ஆட்டத்துல பெரிய எதிரி டிராகன் இல்ல, சலிப்பு. பெரியவங்களோட அவநம்பிக்கை, தினசரி வாழ்க்கையோட வறட்சி, அதுதான் தேவதைத்தன்மையைக் கொல்லும். வயசு ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

அப்புறம் 2021ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்லயே வைல்ட் பியாண்ட் த விட்ச்லைட்னு ஒரு சாகசப் புத்தகம் வந்தது. அதுல ஒரு ஆரம்பம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்க கேரக்டர் சின்ன வயசுல ஒரு மாயத் திருவிழாவுக்குள்ள டிக்கெட் இல்லாம நுழைஞ்சு, அங்க எதையோ தொலைச்சிருப்பாங்க. பர்ஸ் மாதிரி பொருள் இல்ல, சிரிக்கற திறமை மாதிரி ஏதாவது ஒண்ணு. வளர்ந்தப்புறம் அதைத் தேடிப் போறதுதான் கதை. அந்தப் புத்தகத்துலதான் ஃபேரிங்கற இனத்தை ஆட்டக்காரங்க விளையாடறதுக்குக் கொடுத்தாங்க.

இங்க ஒரு விஷயத்தை நான் அப்பவே கவனிச்சிருக்கணும். 2014ல வந்த மான்ஸ்டர் மேனுவல்ல பிக்ஸின்னு ஒரு குட்டித் தேவதை இருக்கு. அது நினைச்சா எத்தனை தடவை வேணும்னாலும் மறையலாம். ஆனா ஆட்டக்காரங்களுக்குக் கொடுத்த ஃபேரிக்கு மறையற சக்தியே கிடையாது. பறக்கலாம், உருவத்தைப் பெருசு சின்னது பண்ணலாம். மூணாவது லெவல்ல ஃபேரி ஃபயர்னு ஒரு மந்திரம் கிடைக்கும். அது என்ன பண்ணும்னா, மறைஞ்சு இருக்கறவங்க மேல வெளிச்சத்தைப் பூசி எல்லாருக்கும் காட்டிக் கொடுத்துடும்! மறையற சக்தியை எடுத்துட்டு, அதுக்கு நேர் எதிரான சக்தியைக் கையில கொடுத்திருக்காங்க.

நான் இதுக்குக் காரணம் கணக்குதான்னு நினைச்சேன். கணக்கும் இருக்கு. 2014 விதிகள்படி, நீங்க கண்ணுக்குத் தெரியலைன்னா, நீங்க அடிக்கும்போது டைஸை ரெண்டு தடவை உருட்டி நல்ல எண்ணை எடுத்துக்கலாம். உங்களை அடிக்கறவங்க ரெண்டு தடவை உருட்டி மோசமான எண்ணை எடுக்கணும். ஒரு மந்திரவாதிக்கு மறையற மந்திரம் மூணாவது லெவல்லதான் கிடைக்கும். அதுவும் யாரையாவது அடிச்சா உடனே கலைஞ்சிடும். அடிச்சும் கலையாத மந்திரம் வேணும்னா ஏழாவது லெவல் வரைக்கும் காத்திருக்கணும், அதுவும் ஒரு நிமிஷம்தான் தாங்கும். இதை முதல் லெவல்லயே, இனாமா, நிரந்தரமா கொடுத்தா ஆட்டம் படுத்துடும்.

அதனால நான் புத்திசாலித்தனமா ஒண்ணு பண்ணினேன். சேக்காளி எப்பவுமே மறைஞ்சுதான் இருக்கும், ஆனா சண்டையில அந்தச் சலுகை எதுவும் கிடையாது. அடிச்சா காத்துல ஒரு அசைவு தெரியும், எதிரி சாதாரணமா திருப்பி அடிக்கலாம். கணக்கு சரியாப் போச்சு. ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

அந்தச் சமயத்துலதான் அவங்க எங்க மேஜைக்கு வந்தாங்க. பேர் சொல்லல, அவங்க கேட்டுக்கிட்டதால. வேலைக்காக ஊருக்குப் புதுசா வந்தவங்க, எங்க ஆட்கள்ல ஒருத்தரோட ஆபீஸ் தோழி. இனங்களோட பட்டியலைக் காட்டினேன். சேக்காளியைப் பத்திச் சொன்னதும் உடனே அதை எடுத்துக்கிட்டாங்க. “எனக்குப் புது ஆளுங்ககிட்ட அவ்வளவா பேச வராது. இது வசதியா இருக்கும்”னு சொன்னாங்க. எனக்கு சந்தோஷம். என் இனத்துக்கு முதல் ஆள் கிடைச்சாச்சு.

அவங்க கேரக்டரோட பேர் பொட்டு. உள்ளங்கை அளவு உருவம். அதைப் பார்க்கற குழந்தை மினு, ஏழு வயசு, துறைமுக ஊர்ல கலங்கரை விளக்கக்காரரோட மக. மினு கதையில நான் பேசற கேரக்டர்.

இப்போ யோசிச்சுப் பாருங்க, ஆட்டம் எப்படிப் போயிருக்கும்னு. எங்க குழு ஒரு சத்திரத்துக்குள்ள போகும். சத்திரக்காரன் நாலு பேருக்குத்தான் நாற்காலி போடுவான். நாலு பேர்கிட்டதான் ஊர் பேர் கேட்பான். வியாபாரி பேரம் பேசுவான், பொட்டுகிட்ட இல்ல. வில்லன் மிரட்டுவான், பொட்டுவை இல்ல. கூட வர்ற நாலு கேரக்டருக்குமே பொட்டு கண்ணுக்குத் தெரியாது, அதனால ஆட்டக்காரங்களும் அது பக்கம் திரும்ப மாட்டாங்க. மினு வீட்டுக்குப் போனாதான் பொட்டுகிட்ட பேச ஆள். நாங்க மினு வீட்டை விட்டு ரெண்டாவது வாரமே கிளம்பிட்டோம்.

நாலு வாரம். வாரத்துக்கு மூணு மணி நேரம். யாராவது அவங்களை ஒதுக்கினாங்களான்னு கேட்டா, இல்ல. எல்லாரும் விதியைத்தான் ஒழுங்கா விளையாடினோம். நான் எழுதின விதியே, அவங்க பக்கம் யாரும் திரும்பாதீங்கன்னு சொல்லுச்சு.

அன்னைக்கு ராத்திரி அவங்களுக்கு ஃபோன் பண்ணினேன். காய்ச்சலாம். கோபம் எல்லாம் இல்ல, சாதாரணமாதான் பேசினாங்க. “சொல்லாம லீவு போட்டதுக்கு சாரி. நான் இருந்தாலும் இல்லைன்னாலும் கதை ஓடிடும்லன்னு நினைச்சேன்.” அவங்களுக்குப் பேசப் பிடிக்கலையோன்னு நினைச்சேன்னு நான் இழுத்தேன். அதுக்கு அவங்க சொன்னது: “நானா பேச மாட்டேன்தான். யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரல.

அப்போதான் பிக்ஸி விஷயம் வேற மாதிரி புரிஞ்சுது. கதையில வர்ற பிராணி மறையலாம், ஏன்னா அது ஒரு காட்சிக்கு வந்துட்டுப் போயிடும். அதை இயக்கறது கேம் மாஸ்டர், அவருக்குப் பேச வேற நூறு வாய் இருக்கு. ஆட்டக்காரருக்கு இருக்கறது ஒரே ஒரு கேரக்டர். அந்த உலகத்துக்குள்ள அவங்களுக்கு இருக்கற ஒரே முகம் அது. அதை மறைச்சா ஆளையே மறைச்ச மாதிரி.

சரி, அப்போ இந்த இனத்தையே தூக்கிப் போட்டுடலாமா? அவங்களுக்குப் பொட்டுவைப் பிடிச்சிருந்தது. அதனால நிஜக் குழந்தைங்களோட கற்பனைத் தோழர்கள் எப்படி இருப்பாங்கன்னு கொஞ்சம் படிச்சேன். இதுல பெரிய பேர் மார்ஜரி டெய்லர், அமெரிக்காவுல ஆரிகன் பல்கலைக்கழகத்துல இருந்த உளவியல் ஆய்வாளர். 2004ல அவங்களும் கூட வேலை பார்த்தவங்களும் வெளியிட்ட ஆய்வுல, ஏழு வயசுக்குள்ள 65 சதவீதக் குழந்தைங்களுக்கு ஏதோ ஒரு கட்டத்துல கற்பனைத் தோழர் இருந்திருக்காங்க. உயிர் கொடுத்துப் பேசற பொம்மைகளும் அந்தக் கணக்குல சேர்த்தி. அந்தக் குழந்தைங்களுக்கு இது கற்பனைன்னு நல்லாவே தெரியும்னும் அவங்க சொல்றாங்க.

என்னை நிறுத்தினது இன்னொரு விஷயம். இந்தத் தோழர்கள் பல பேர் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டாங்களாம். கூப்பிட்டா வர மாட்டாங்க, சண்டை போடுவாங்க. ஆடம் கோப்னிக்ங்கற எழுத்தாளர் 2002ல நியூயார்க்கர் பத்திரிகைல தன்னோட மூணு வயசு மகளைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் குழந்தையோட கற்பனைத் தோழன் பேர் சார்லி ரவியோலி. அவன் எப்பவும் பிஸி! இவளோட விளையாட அவனுக்கு நேரமே இல்ல. குழந்தை பொம்மை ஃபோன்ல கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கும், அவன் கிடைக்க மாட்டான்.

கண்ணுக்குத் தெரியாத தோழனுக்கும் சொந்தமா ஒரு வாழ்க்கை இருக்கு. என் சேக்காளிக்கு அது இல்ல. அது மினுவோட நிழல் மாதிரி இருந்துச்சு.

அடுத்த வாரம் ஆட்டத்தை நிறுத்திட்டு, ஆறு பேரும் உட்கார்ந்து விதிகளைத் திருத்தினோம். முதல்ல நான் எல்லார் முன்னாடியும் அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவங்க, “அதெல்லாம் விடுங்க, பேப்பரை எடுங்க”ன்னாங்க. புது விதிகள்ல பாதி அவங்க சொன்னதுதான்.

முதல் விதி: சேக்காளி எப்பவும் கண்ணுக்குத் தெரியும். மறையணும்னு நினைச்சா மறையலாம். பத்து நிமிஷம் தாங்கும், அடிச்சாலோ மந்திரம் போட்டாலோ கலைஞ்சிடும். எத்தனை தடவைங்கறது திறன் போனஸ் அளவு, அதாவது முதல் லெவல்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. நல்லாத் தூங்கி எழுந்தா திரும்பக் கிடைக்கும்.

ரெண்டாவது விதி: மறைஞ்சிருந்தாலும் குழுவுல ஒருத்தருக்கு மட்டும் சேக்காளி தெரியும். அது யாருன்னு ஒவ்வொரு வாரமும் ஆட்டம் ஆரம்பிக்கறப்போ சேக்காளியே தேர்ந்தெடுக்கும். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அந்த வாரத்துக்குள்ள கதைக்குள்ள இருந்து சேக்காளிகிட்ட ஒரு கேள்வியாவது கேட்கணும். “உனக்கு என்ன தோணுது”ங்கற மாதிரி சோம்பேறிக் கேள்வி செல்லாது. இது அவங்க வச்ச விதி.

மூணாவது விதி: பேர் சொல்லிக் கூப்பிட்டா யாருக்கும் ஒரு நிமிஷம் தெரியும். எதிரிக்கும்தான். அதனால பேரை யாருக்குச் சொல்றோம்ங்கறது பெரிய முடிவு.

நாலாவது விதி: குழந்தை வளரும். தேவதை உலகத்துல நேரம் வேற மாதிரி ஓடும்னு கேம் மாஸ்டர் புத்தகத்துலயே இருக்கு, அதைப் பிடிச்சுக்கிட்டோம். குழு ஒரு லெவல் ஏறினா குழந்தைக்கு ஒரு வயசு கூடும். 12 வயசானா குழந்தைக்குச் சேக்காளி தெரியாமப் போயிடும். அப்போ சேக்காளிக்கு ரெண்டு வழி. வேற ஒரு குழந்தையைத் தேடிப் போகலாம். இல்ல, இங்கேயே இருக்கலாம். இருந்தா மறையற சக்தி போயிடும்.

மாற்றம் எப்படி இருந்துச்சுன்னா, ஒரேயடியா எல்லாம் மாறிடல. முதல் வாரம் எங்க குழுவோட கோடாலிக்காரர் அசட்டுத்தனமா, “பொட்டு, நீ என்ன சாப்பிடுவ?”ன்னு கேட்டார். அவங்க யோசிச்சு, “மத்தவங்க மிச்சம் வைக்கறதை”ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். அடுத்த வாரத்துல இருந்து கோடாலிக்காரர் சத்திரத்துல சாப்பிடறப்போ எல்லாம் ஒரு துண்டு ரொட்டியைத் தட்டோரம் வச்சாரு. விதியில அப்படி ஒண்ணும் கிடையாது.

ஒரு மாசம் கழிச்சு, பொட்டுவோட பேரை எதிரிகிட்ட யாரோ சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்சப்போ, குழுவுலயே அதிகம் கத்தினது அவங்கதான். அன்னைக்கு வீட்டுக்காரர் மேல வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

ஆறாவது லெவல் வந்துச்சு. மினுவுக்குப் பன்னிரண்டு. நாங்க துறைமுக ஊருக்குத் திரும்பிப் போனோம். மினு கதவைத் திறந்தா. நாலு பேரையும் பேர் சொல்லி வரவேற்றா. பொட்டு கதவு நிலைமேல உட்கார்ந்திருக்கு, மினு அந்தப் பக்கம் பார்க்கவே இல்ல. நான் மினுவாப் பேசிட்டு இருக்கேன். எனக்குக் கஷ்டமா இருக்கு, ஆனா விதி விதிதான்.

கிளம்பறப்போ அவங்க பொட்டுவா ஒண்ணு சொன்னாங்க: “மினு, மழை வருது. செருப்பை உள்ள எடுத்து வை.”

மினுவுக்கு அது கேட்காது. என்ன பண்றதுன்னு ஒரு நொடி யோசிச்சேன். அப்புறம் சொன்னேன்: மினு கதவைச் சாத்தப் போறா. நிக்கறா. ஏன்னு அவளுக்கே தெரியல. குனிஞ்சு வாசல்ல இருக்கற செருப்பை எடுத்து உள்ள வைக்கறா. கதவு சாத்துது.

மேஜைல யாரும் பேசல. டைஸைக் கூட யாரும் தொடல. அப்புறம் கோடாலிக்காரர்தான், “பொட்டு, வா, போலாம்”னார். அவங்க தன்னோட கேரக்டர் தாளை எடுத்து, மறையற சக்தின்னு எழுதியிருந்த வரியை அடிச்சுட்டாங்க. அவங்க இங்கேயே இருக்க முடிவு பண்ணிட்டாங்கன்னு அப்படித்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

நீங்க கேம் மாஸ்டரா இருந்தா, இல்ல ஆகப் போறீங்கன்னா, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். புதுசா ஒரு இனத்தை எழுதும்போது சண்டைக் கணக்கைப் பார்க்கறது சரிதான், பாருங்க. அதோட சேர்த்து ஒரு சாதாரணக் காட்சியையும் மனசுல ஓட்டிப் பாருங்க. குழு ஒரு சத்திரத்துக்குள்ள நுழையுது. இந்தக் கேரக்டர்கிட்ட யார் முதல்ல பேசுவாங்க? அதுக்குப் பதில் இல்லைன்னா, அந்த இனம் இன்னும் எழுதி முடியலன்னு அர்த்தம். மேஜைல அமைதியா இருக்கறவங்க சந்தோஷமா இருக்காங்கன்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. கேளுங்க. நான் கேட்க அஞ்சு வாரம் ஆச்சு.

இப்பவும் சனிக்கிழமை சாயங்காலம் எங்க ஆட்டம் நடக்குது. போன வாரம் அவங்க வர முடியல. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நாலு பேரும் தனித்தனியா அவங்களுக்கு மெசேஜ் போட்டிருக்காங்க. “என்னப்பா இது, ஆபீஸ் மீட்டிங்லதான் இருக்கேன், விடுங்க”ன்னு குரூப்ல பதில் வந்துச்சு.

அவ்வளவுதான் இன்னைக்கு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.